டிஸ்னி முடித்துப் பசியோடு வருபவர்களுக்கு: கிஸிம்மி ஃபுட் டிரக் பார்க்கில் ஏமாறாமல் சாப்பிட முழு வழிகாட்டி

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து டாம்பாவில். ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னிக்கு ஒரு நடை கூட்டிப் போயாக வேண்டும், அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது ஆர்லாண்டோ பக்கம் போய் வருகிறோம். முன்பெல்லாம் ராத்திரிச் சாப்பாடு என்றால் ஒரே கதைதான். எட்டரை மணிக்குக் கால் வீங்கிப்போய் வெளியே வருவோம், பிள்ளைகள் சிணுங்கும், பெரியவர்களுக்குச் சாதம் மாதிரி ஏதாவது கிடைத்தால் தேவலை என்றிருக்கும், கடைசியில் ஒரு பீட்சாவில் போய் முடியும். இப்போது நேராகப் பக்கத்து ஊரான கிஸிம்மிக்குப் போய்விடுகிறோம். ஐம்பது உணவு வண்டிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் முதல் தடவை நாங்கள் செய்த தப்புகளையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே மெனுவில் இருக்கிற பெயர் எதுவும் உங்களுக்குப் புரியாது. பெயரை விடுங்கள், அது எதில் செய்தது என்று மட்டும் பாருங்கள். வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, சோளம், துவரை, வெல்லம், புளி, எல்லாம் நம் வீட்டுச் சாமான்தான். அது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இடம் எது, ஏன் அங்கே இத்தனை வண்டிகள்

டிஸ்னி வேர்ல்டுக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஓடுகிறது யுஎஸ் 192 என்ற பெரிய சாலை. பலகைகளில் இர்லோ பிரான்சன் மெமோரியல் ஹைவே என்று இருக்கும். இர்லோ பிரான்சன் இந்தப் பக்கத்தில் பெரிய மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர், மாநில செனட்டராகவும் இருந்தவர். 1960-களில் டிஸ்னி சத்தமில்லாமல் நிலம் வாங்கியபோது ஆயிரக்கணக்கான ஏக்கரை விற்றவர்களில் ஒருவர். 1971 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்டு திறந்ததும், மாடு மேய்ந்த ஊர் மோட்டல், டி-ஷர்ட் கடை, மினி கோல்ஃப் என்று ஆகிவிட்டது. இந்தச் சாலையில் ஓல்ட் டவுன் என்ற கேளிக்கை இடத்துக்குப் பக்கத்தில்தான் வேர்ல்ட் ஃபுட் டிரக்ஸ் என்ற பெரிய பார்க் இருக்கிறது. இது தவிர ஆர்லாண்டோ, கிஸிம்மி சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்ன பார்க்குகளும் உண்டு. நான் சொல்கிற முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

டிரக் என்கிறார்களே தவிர, இவற்றில் பாதிக்கு மேல் டிரெய்லர்கள். ஓரிடத்தில் நிறுத்தி மின் இணைப்பு கொடுத்து, முன்னால் பந்தல் போட்டு, தொட்டியில் செடி வைத்து, கிட்டத்தட்டக் கடையாகவே ஆக்கிவிடுகிறார்கள். ஒரு ரெஸ்டாரண்ட் திறக்கிற செலவில் நாலு வண்டி போட்டுவிடலாம். 2020-ல் புளோரிடா ஒரு சட்டம் போட்டு, மாநில உரிமம் இருக்கிற உணவு வண்டிகளிடம் நகராட்சியும் கவுன்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தனியாக உரிமம் கேட்கக் கூடாது, மொத்தமாகத் தடை செய்யவும் கூடாது என்று சொல்லிவிட்டது. அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஆட்கள். கிஸிம்மி இருக்கிற ஆசியோலா கவுன்டியில் பாதிக்கு மேல் ஸ்பானிஷ் பின்னணி உள்ள மக்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பல காலமாக இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள், 2017-ல் மரியா புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்ட பிறகு இன்னும் நிறைய பேர் வந்தார்கள். கூடவே வெனிசுவேலா, கொலம்பியா, டொமினிக்கன், கியூபா, பிரேசில். எல்லாரும் அம்மா கைப்பக்குவத்தோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். அதனால் பர்கருக்கும் சிக்கன் விங்ஸுக்கும் இங்கே வராதீர்கள். அதுவும் கிடைக்கும், ஆனால் அது எங்கேயும் கிடைக்கும்.

எந்த நேரத்துக்குப் போவது

பகலில் போகாதீர்கள். நிறைய வண்டிகள் மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும், சில சாயங்காலம்தான். மத்தியான வெயிலில் அந்தத் தார்த்தரையில் நின்றால் நீங்களே தோஸ்தோன் ஆகிவிடுவீர்கள் (அது என்ன என்று கீழே வருகிறது).

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் அனேகமாக தினமும் இடி மழை வரும். நம்மூர் கோடை மழை மாதிரி சட்டென்று கொட்டிவிட்டு நின்றுவிடும், ஆனால் மின்னல் சாதாரண மின்னல் இல்லை. புளோரிடா அதற்குப் பேர்போன மாநிலம். இடிச் சத்தம் கேட்டால் பந்தலுக்கு அடியில் நிற்காமல் காருக்குள் போய் உட்காருங்கள். மழை நின்று ஒரு கால் மணி நேரம் கழித்துப் போனால் அதுதான் சொர்க்கம். தரை நனைந்து சூடு தணிந்திருக்கும், கூட்டமும் இன்னும் சேர்ந்திருக்காது. கொசு மட்டும் சேர்ந்திருக்கும், அதற்கு ஒரு டப்பா மருந்து காரில் இருக்கட்டும்.

வெள்ளி, சனி ராத்திரி ஏழரைக்கு மேல் ஜேஜே என்று இருக்கும். பாட்டுச் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஸ்பீக்கர். இளசுகளோடு போனால் அந்த நேரம் சரி. வயசானவர்கள், கைக்குழந்தை என்றால் வாரநாளில் ஐந்தரை, ஆறு மணி. திங்கள், செவ்வாயில் சில வண்டிகள் லீவு விட்டிருக்கும், ஐம்பதில் பத்து மூடியிருந்தால் நமக்கு ஒன்றும் குறையப்போவதில்லை.

போய்ச் சேருவது, இறங்குமுன் செய்வது

ஐ-4 நெடுஞ்சாலையில் 64-ஆவது எக்ஸிட்தான் 192. கார் இல்லாதவர்களுக்கு லிங்க்ஸ் பஸ் இந்தச் சாலையில் ஓடுகிறது, ஆனால் ராத்திரி திரும்பி வருகிற பஸ் நேரத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

நடந்து போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலர் 192 மேலேயே மோட்டலில் தங்குவார்கள், பார்க் எதிர்ப்பக்கம் தெரியும், "இதோ இருக்கிறதே" என்று குறுக்கே இறங்குவார்கள். அகலமான சாலை, வண்டிகள் பறக்கும், பாதிப் பேர் வழி தெரியாத வாடகைக் கார் சுற்றுலாக்காரர்கள், கண் முழுக்க மேப்பில். சிக்னல் வரை நடந்து போய்க் கடந்து வாருங்கள், பத்து நிமிடம் கூடப் போனாலும் பரவாயில்லை.

இறங்குமுன் பையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஈரத் துடைப்பான், தண்ணீர் பாட்டில், நாலு காகிதத் தட்டு, ஒரு சின்னக் கத்தியோ பிளாஸ்டிக் கத்தியோ, கொஞ்சம் ஒரு டாலர் ஐந்து டாலர் நோட்டுகள். தட்டும் கத்தியும் எதற்கு என்றால், பங்கு போடத்தான். பங்கு போடாமல் இங்கே சாப்பிடவே முடியாது.

முதல் சுற்று: பர்ஸைத் தொடாதீர்கள்

நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான். பசி. வாசலிலிருந்து மூன்றாவது வண்டியில் கறி வேகிற வாசனை, அங்கேயே ஆளுக்கு ஒரு தட்டு வாங்கிவிட்டோம். ஒவ்வொரு தட்டும் இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு. முக்கால்வாசி சாப்பிட்டதும் வயிறு கட்டிவிட்டது. அப்புறம் நடந்து பார்த்தால் பின்வரிசையில்தான் நல்ல வண்டிகள் எல்லாம், வாயில் எச்சில் ஊற, வயிற்றில் இடமில்லாமல் பார்த்துக்கொண்டே வந்தோம். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

அதனால் முதல் பதினைந்து நிமிடம் சும்மா நடங்கள். பசி தாங்காத பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வண்டியில் தெகேன்யோ வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். வெண்ணிறப் பாலாடைக்கட்டியை மாவு நாடாவால் சுற்றிப் பொரித்த குச்சி, வெனிசுவேலாக்காரர்களின் பண்டம், எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. நீங்கள் மெனுப் பலகைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். ஐம்பது வண்டியில் எது எங்கே பார்த்தோம் என்று கண்டிப்பாக மறந்துபோகும்.

நடக்கும்போது என்ன பார்ப்பது? நான் பார்ப்பது மூன்று. மெனு சின்னதாக இருக்கிறதா, எட்டு பத்து அயிட்டத்துக்குள்? அரேபா, பீட்சா, சுஷி, பாஸ்தா எல்லாம் ஒரே வண்டியில் என்றால் ஃப்ரீஸர்தான் சமைக்கிறது. ரெண்டாவது, வரிசையில் ஸ்பானிஷ் பேசுகிற குடும்பம் நிற்கிறதா, அதுவும் பாட்டியோடு? பாட்டி நிற்கிற வரிசை பொய் சொல்லாது. மூன்றாவது, உள்ளே என்ன நடக்கிறது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள், யாராவது மாவு தட்டுகிறார்களா, காய் நறுக்குகிறார்களா, இல்லை பொட்டலம்தான் பிரிக்கிறார்களா.

சுத்தம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: புளோரிடாவில் இந்த வண்டிகளுக்கு மாநிலத் தொழில் ஒழுங்குமுறைத் துறை உரிமம் கொடுத்துச் சோதனையும் செய்கிறது, சோதனை முடிவுகளை அந்தத் துறையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். சில ஊர்களில் கதவில் ஏ, பி என்று எழுத்து ஒட்டியிருப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே இல்லை.

மெனுவைப் படிப்பது: பெயரை விட்டுச் சாமானைப் பிடியுங்கள்

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

சோளத்திலிருந்து ஆரம்பிப்போம், மக்காச்சோளம். அரேபா என்பது வெள்ளைச் சோள மாவில் செய்த தடித்த வட்ட ரொட்டி. முன்கூட்டியே வேகவைத்து அரைத்த மாவு அது, வெனிசுவேலாவில் 1960-ல் வந்த பான் என்ற மஞ்சள் பாக்கெட் மாவு எல்லா வண்டியிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு வண்டியில் அந்த அம்மா செய்வதை நின்று பார்த்தேன். மாவில் தண்ணீரும் உப்பும் போட்டுப் பிசைந்து, ஒரு உருண்டை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டப் டப் என்று தட்டி, ஓரம் வெடித்தால் கொஞ்சம் தண்ணீர் தொட்டு நீவிவிட்டுக் கல்லில் போடுகிறார். அப்படியே நம் அதிரசம் தட்டுகிற கை. இரண்டு பக்கமும் பொருக்குத் தட்டியதும் எடுத்து விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்க்கிறார், பொந்தான சத்தம் வந்தால் வெந்துவிட்டது. பிறகு ஓரத்தைக் கத்தியால் கீறி, ஆவி பறக்கப் பறக்க உள்ளே அடைக்கிறார். அடைப்பதில் தொமினோ என்றால் கறுப்பு பீன்ஸும் வெள்ளைச் சீஸும். ரேய்னா பெபியாதா என்றால் கோழியும் அவகாடோவும். பெரிக்கோ என்றால் தக்காளி வெங்காயம் போட்ட முட்டைப் பொரியல். கார்னே மெச்சாதா மாட்டிறைச்சி.

கச்சாபா என்பது பால்சோளத்தை அரைத்து ஊற்றிய இனிப்பான அடை. கல்லில் கொஞ்சம் கருகினால்தான் ருசி. நடுவில் ஒரு தடித்த மெத்தென்ற சீஸ் வட்டத்தை வைத்து மடித்துத் தருவார்கள், அதன் மேல் வெண்ணெய். இனிப்பும் உப்பும் ஒன்றாக வாயில் கரையும். ஒரே ஒரு பண்டம்தான் சாப்பிட முடியும் என்றால் நான் இதைத்தான் சாப்பிடுவேன். ஒன்றை மூன்று பேர் பங்கு போடலாம்.

அடுத்தது வாழை. இங்கே பிளாத்தனோ என்கிற பெரிய மொந்தன் மாதிரி ரகம். தோஸ்தோன் என்றால் காயைத் தடித்த துண்டுகளாக வெட்டி ஒரு முறை பொரித்து, எடுத்துத் தட்டையாக நசுக்கி, மறுபடியும் பொரிப்பது. மொறுமொறுவென்று இருக்கும், பூண்டுச் சாறோடு தருவார்கள். என் மாமியார் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "வறுவல்தான், உப்பும் காரமும் போட மறந்துட்டாங்க" என்றார். நியாயமான விமர்சனம். மதுரோ என்றால் நன்றாகப் பழுத்த பழத்தை வதக்கியது, ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகச் சர்க்கரை கட்டியிருக்கும். ஸ்பானிஷில் மதுரோ என்றால் "பழுத்தது". நம் மதுரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது, ஆனால் பெயரை மறக்காமல் இருக்க நல்ல வழி.

வாழை அமெரிக்காவின் மரமே இல்லை, நம் பக்கத்துத் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து போனது. 1516-ல் கேனரித் தீவுகளிலிருந்து ஒரு ஸ்பானியப் பாதிரியார் கரீபியனுக்குக் கன்று கொண்டுபோனதாகச் சொல்வார்கள். மரவள்ளி நேர் எதிர், அது தென் அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுகீசியர் கையால் நம் கடற்கரைக்கு வந்தது. இங்கே அதற்குப் பெயர் யூக்கா. யூக்கா ஃப்ரீத்தா கேட்டால் மரவள்ளிக்கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கிப் பொரித்துத் தருவார்கள், உருளைக்கிழங்கு ஃப்ரைஸை விட எனக்கு இதுதான் பிடிக்கும். பிரேசில் வண்டி இருந்தால் பாவ் தி கேய்ஜு என்ற சின்னச் சீஸ் உருண்டைகளைத் தேடுங்கள், மரவள்ளி மாவில் செய்தது, இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பொதுவாகச் சரிப்படும், இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

இப்போது துவரை. போர்ட்டோ ரிக்கோ வண்டிகளில் எல்லாத் தட்டிலும் ஒரு மஞ்சள் சாதம் வைப்பார்கள், அரோஸ் கோன் கன்துலெஸ். போன வருடம் ஒரு தட்டு வாங்கி மேசையில் வைத்தேன். மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சாதத்திலிருந்து ஒரு பச்சை மணியை முள்கரண்டியால் ஒதுக்கி, நசுக்கிப் பார்த்து, "ஏம்மா, இது பச்சைத் துவரைதானே?" என்றார். அதேதான். இந்தியாவில் விளைய ஆரம்பித்து, ஆப்பிரிக்கா வழியாக, அடிமைக் கப்பல்கள் போன பாதையில் கரீபியனுக்குப் போய்ச் சேர்ந்த அதே துவரை. பொங்கல் நேரத்தில் கிராமத்தில் உப்புப் போட்டு அவித்துத் தின்ன ஞாபகம் வந்து, அவர் சந்தோஷமாக ஒரு வாய் எடுக்கப் போனபோதுதான் நான் சாதத்துக்குள் இருந்த இளஞ்சிவப்புச் சதுரங்களைப் பார்த்தேன். பன்றி இறைச்சி. கையைப் பிடித்துத் தடுத்தேன். பல வண்டிகளில் தட்டுக்குப் பக்கத்தில் வெறும் சாதம் என்று எழுதியிருந்தாலும் அதற்குள் ஹாம் இருக்கும், அவர்களுக்கு அது தாளிப்பு மாதிரி, தனியாகச் சொல்லத் தோன்றாது. வெறும் சாதம் வேண்டுமென்றால் அரோஸ் பிளாங்கோ, அதாவது வெள்ளைச் சாதம் என்று கேளுங்கள்.

சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், ஹலால்: கேட்கிற விதம்

"வெஜிடேரியன்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் கோழியும் மீனும் அதில் சேர்த்தியா என்பதில் குழப்பம் வரும். "சின் கார்னே", கறி இல்லாமல், என்று கேட்டால் பலர் மாட்டிறைச்சியை மட்டும்தான் எடுப்பார்கள். முழுசாகச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்." கறி, கோழி, மீன், ஹாம் எதுவும் வேண்டாம். உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பட்டியல் முடிகிறதற்குள் அவர்களே புரிந்துகொண்டு சிரிப்பார்கள்.

அடுத்த கேள்வி பீன்ஸுக்கு. மெக்சிகோ வண்டியில் மசித்த பீன்ஸ் என்றால் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். "மான்தேகா?" என்று பீன்ஸைக் காட்டிக் கேளுங்கள். ஆமாம் என்றால் விட்டுவிடுங்கள். கறுப்பு பீன்ஸிலும் சில சமயம் ஹாம் எலும்பு போட்டிருப்பார்கள். மொஃபோங்கோ என்பது பொரித்த வாழைக்காயைப் பூண்டோடு உரலில் இடித்து உருட்டுவது, பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பன்றித்தோல் வறுவலையும் சேர்த்துத்தான் இடிப்பார்கள். "சின் சிச்சரோன்" என்று முன்னாலேயே சொன்னால் புதிதாக இடித்துத் தருவார்கள். அல்காபூரியா என்ற செம்மஞ்சள் உருண்டை, வாழைக்காயும் சேப்பங்கிழங்கு வகையும் அரைத்த மாவு, உள்ளே அரைத்த மாட்டிறைச்சியோ நண்டோ.

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குக் கார்னே என்ற சொல்தான் வில்லன். வெனிசுவேலா வண்டியில் அது மாடு. போர்ட்டோ ரிக்கோ வண்டியில் கார்னே ஃப்ரீத்தா என்றால் பன்றி. பெர்னில், சுலேத்தா இரண்டும் பன்றி. போயோ என்று இருந்தால் கோழி, அதுதான் பாதுகாப்பு. ஹலால் பார்க்கிறவர்கள் ஷவர்மா வண்டி இருக்கிறதா என்று தேடி, அவர்களிடமே கேட்டுவிடுங்கள், பலகையை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம் எண்ணெய். பெரும்பாலான வண்டிகளில் ஒரே பொரிக்கும் தொட்டிதான், தோஸ்தோனும் கோழியும் அதே எண்ணெயில். இதில் கண்டிப்பாக இருப்பவர்கள் பொரித்ததை விட்டுக் கல்லில் வேகிற அரேபா, கச்சாபா பக்கம் போய்விடுவது நல்லது. சீஸில் சேரும் உறைபொருளை (கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம்) பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் கஷ்டம்தான், பழச்சாறும் சீஸ் வைக்காத அரேபாவும்தான் மிஞ்சும்.

காரம்? எதிர்பார்க்காதீர்கள். மெக்சிகோ வண்டியைத் தவிர மற்றவர்களுக்குக் காரம் என்பது மேசைமேல் இருக்கிற பாட்டில். போர்ட்டோ ரிக்கோக்காரர்களின் பீக்கே, வினிகரில் மிளகாய் ஊறிய சாறு, கேட்டால் தருவார்கள். பையில் ஒரு சின்னப் பொட்டலம் இட்லிப்பொடி கொண்டுபோவது பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். யூக்காவுக்கு நன்றாகவே இருந்தது.

ஆர்டர், பெயர், பணம்

நாலு பேருக்கு மூன்று முக்கிய அயிட்டம் போதும், அதுவும் வேறு வேறு வண்டியில், ஒரே நேரத்தில் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் பொரித்தது ஏதாவது, அதைச் சாப்பிட்டுக்கொண்டே அடுத்ததற்கு வரிசையில் ஒருவர். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி மேசையில் பரப்பினால் படம் அழகாக வரும், கடைசி இரண்டு தட்டு ஆறிப்போகும்.

ஜன்னலில் "கோன் தோதோ?" என்று கேட்பார்கள். "எல்லாம் போட்டா?" என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினால் ஹாட் டாக் மேலோ பர்கர் மேலோ மூன்று சாஸ், உருளைச் சிப்ஸ் தூள், சீஸ், சில சமயம் ஹாம், எல்லாம் மலையாகக் குவியும். சைவர்கள் இந்தக் கேள்விக்குத் தலையாட்டவே கூடாது.

பெயர் கேட்பார்கள், கூப்பிடுவதற்கு. முழுப் பெயரைச் சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரர் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்ன அன்றைக்கு, அவர்கள் ஐந்து நிமிடம் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், நாங்களும் "யாரோ பாவம், சாப்பாடு ஆறுதே" என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். இப்போது அவர் பெயர் ராஜ். எனக்கு மாயா. ஸ்பானிஷ் வாயில் வழுக்கிக்கொண்டு வருகிற இரண்டெழுத்துப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

விலை: ஒரு முக்கிய அயிட்டம் பெரும்பாலும் 12 முதல் 18 டாலருக்குள் இருக்கும். பலகையில் இருக்கிற விலையோடு ஆசியோலா கவுன்டியில் 7.5 சதவீதம் விற்பனை வரி சேரும். 14 டாலர் அரேபா 15 டாலர் 5 சென்ட் ஆகும். அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள், 18, 20, 25 சதவீதம் டிப். 18-ஐத் தொட்டால், வரிக்கு முந்தைய 14 டாலருக்கே டிப் கணக்குப் போட்டாலும், மொத்தம் 17 டாலர் 57 சென்ட். ஜன்னலில் நின்று வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் டிப் கட்டாயமில்லை, அந்தத் திரையில் வேறு தொகை என்றும் வேண்டாம் என்றும் பொத்தான்கள் இருக்கும். நான் ஒன்றிரண்டு டாலர் நோட்டை டப்பாவில் போட்டுவிடுவேன், சைவத்துக்காகத் தனியாக ஏதாவது செய்து கொடுத்திருந்தால் கூடக் கொஞ்சம். கார்டுக்கு மூன்று நான்கு சதவீதம் சேர்க்கிற வண்டிகளும் உண்டு, ஜன்னல் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒட்டியிருப்பார்கள்.

உட்காருவது

மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பிக்னிக் மேசைதான், பெஞ்சும் மேசையோடு ஒட்டியிருக்கும். காலைத் தூக்கித் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். புடவை கட்டிய பெரியவர்களுக்கு இது பெரிய சோதனை. ஓரத்து இடத்தைப் பிடித்துக் கொடுத்துப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள், இல்லை கார் டிக்கியில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு வாருங்கள். நாங்கள் இப்போது நாற்காலி கொண்டுபோகிறோம், மாமியார் அதில் மகாராணி மாதிரி உட்கார்ந்துவிடுவார், தட்டுகள் அவரைத் தேடி வரும்.

கூட்ட நேரத்தில் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் வாங்கப் போவதுதான் முறை. ஜெனரேட்டர் பக்கமும் குப்பைத்தொட்டிப் பக்கமும் காலியாக இருக்கிற மேசை ஏன் காலியாக இருக்கிறது என்று யோசித்துவிட்டு உட்காருங்கள்.

குடிக்க, இனிக்க

சோடா வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். தமரிந்தோ என்று எழுதியிருந்தால் அது புளித்தண்ணீர், சர்க்கரை போட்டது. அந்தச் சொல்லே "இந்தியப் பேரீச்சை" என்ற அரபுப் பெயரிலிருந்து வந்ததுதான். குவராப்போ கரும்புச் சாறு, கண்முன்னே பிழிந்தால் வாங்குங்கள். ஓர்ச்சாத்தா அரிசியை ஊறவைத்து அரைத்துப் பட்டை போட்ட பால் மாதிரியான பானம். பர்ச்சா அல்லது மரகுயா என்றால் பேஷன் ஃப்ரூட், நல்ல புளிப்பு.

இனிப்பில் எல்லாரும் சுரோஸ் என்ற பொரித்த மாவுக் குச்சிக்கு வரிசை கட்டுவார்கள், நீளமான வரிசையாக இருக்கும், பிள்ளைகள் விடமாட்டார்கள், சரி. நான் தேடுவது த்ரெஸ் லேச்செஸ், மூன்று வகைப் பாலில் ஊறிய கேக், டம்ளரில் போட்டுத் தருவார்கள். அரோஸ் கோன் லேச்சே கிடைத்தால் அது பால் பாயசம், ஏலக்காய்க்குப் பதில் பட்டை, அவ்வளவுதான்.

மிச்சத்தை என்ன செய்வது

மிஞ்சும், எவ்வளவு கணக்குப் போட்டாலும் மிஞ்சும். சாதமும் பீன்ஸும் ஹோட்டல் ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் மைக்ரோவேவில் சூடு செய்தால் நன்றாகவே இருக்கும். கச்சாபாவும் தாங்கும். அரேபா மறுநாள் கல், ஈரத் துணியில் சுற்றிச் சூடு செய்தால் ஓரளவு மீளும். தோஸ்தோன், யூக்காப் பொரியல் இரண்டையும் அங்கேயே முடித்துவிடுங்கள். கோடையில் காருக்குள் பொட்டலத்தை வைத்துவிட்டு வேறு எங்கும் சுற்றப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் எடுத்துத் தூர எறிய வேண்டியதுதான்.

கிளம்புகிற நேரத்தில் ஒரே ஒரு வேலை பாக்கி. வெனிசுவேலா வண்டி எதிலாவது பப்பலோன் கோன் லிமோன் இருக்கிறதா என்று பாருங்கள். பப்பலோன் என்றால் வெல்லம், லிமோன் எலுமிச்சை. மாமியாருக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தார், டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பானகம். சுக்குதான் இல்ல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் காரில் குடிக்க வாங்கிக்கொண்டார்.